பக்கம் திருப்பும் ஆள்

“டீச்சர், என் பிள்ளைங்களுக்குக் காது இல்ல” என்றான் நம்பி.

ஜெசிந்தா டீச்சர் தலை நிமிரவில்லை. வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வயோலாவின் வில்லுக்கு ரோசின் பிசினைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“டாக்டர்கிட்ட காட்டினீங்களா சார்?”

“அந்தக் காது இல்ல டீச்சர்.”

“வேற எந்தக் காது?”

நம்பி நாற்காலியில் உட்கார்ந்தான். விழுந்தான் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஞானம் தேடுகிறவர்கள் மலையேறிப் போவதாகத்தான் கதைகளில் வரும். நம்பி வில்லிவாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தான். புரசைவாக்கத்தில் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் நீளமான கூடம். நான்கு மின்விசிறிகள், அதில் இரண்டுதான் சுற்றும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே முப்பது நாற்பது பேர் கூடி மேற்கத்திய சேர்ந்திசை வாசிப்பார்கள். மற்ற நாட்களில் ஜெசிந்தா அங்கே குழந்தைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுப்பாள்.

அவளுக்கு நம்பியைவிடப் பதினொரு வயது குறைவு. இருந்தாலும் அவன் அவளைக் குருவாக ஏற்றுக்கொண்டிருந்தான். அவளிடம் அனுமதி கேட்கவில்லை.

அன்று சனிக்கிழமை. ஆறு குழந்தைகள் வந்து அறுத்துவிட்டுப் போயிருந்தார்கள். டீச்சருக்குத் தோள் வலித்தது.

“சொல்லுங்க” என்றாள். சொல்லாமல் போகமாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

நம்பி சொன்னான்.

அவன் மாநகராட்சியில் வரைபடம் போடுகிறவன். வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு சேர்ந்திசைக் குழுவையே வரைந்து மாட்டியிருந்தான். எந்த வாத்தியக்காரர் எங்கே உட்காருவார் என்று அளவு பிசகாமல். தந்தி வாத்தியங்களுக்குப் பச்சை, குழல்களுக்கு மஞ்சள், பித்தளைக்குச் சிவப்பு, மேளத்துக்கு நீலம். தினமும் மாலை ஏழிலிருந்து எட்டு வரை பாடம். பெரிய ஸ்பீக்கர் ஒன்று வாங்கிப் போட்டிருந்தான். பாட்டு ஓடும். அவன் அடிக்கோலோடு படத்தின் பக்கத்தில் நிற்பான்.

“இப்ப வர்றது என்ன வாத்தியம்?”

சரியாகச் சொன்னால் ஒரு நட்சத்திரம் ஒட்டுவான்.

“பையன் கபிலனுக்கு ஏழு வயசு டீச்சர். எதைக் கேட்டாலும் வயலின்னு சொல்றான். பாதி நேரம் அது சரியாவே இருந்து தொலைக்குது. நிறைய நட்சத்திரம் வாங்கிட்டான்.”

“பொண்ணு?”

நம்பியின் குரல் இறங்கியது.

“யாழினிக்குப் பத்து. அவ வாயே திறக்க மாட்டா. ஃபேனைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பா. போன வியாழக்கிழமை எழுந்து நின்னு, நாளையிலேருந்து நான் வரமாட்டேன்னு சொல்லிட்டா. இந்தப் பாட்டெல்லாம் எனக்குப் பிடிக்கலன்னுட்டா. உள்ள போய் சுவத்தைப் பார்த்துப் படுத்தவதான். அப்புறம் வரவே இல்ல.”

டீச்சர் வில்லைக் கீழே வைத்தாள்.

“எங்கப்பா எனக்கு வாய்ப்பாடு மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார் டீச்சர். இந்த இசை எனக்கு முப்பது வயசுக்கு மேல கிடைச்சது. அதுவும் தற்செயலா. என் பிள்ளைங்களுக்காவது இது சின்ன வயசுலேயே கிடைக்கட்டும்னு நினைச்சேன். வேற என்ன கேட்டேன்?”

கண்ணைத் துடைத்துக்கொண்டான். வெட்கப்படவில்லை. வெட்கப்படவும் தெம்பு வேண்டுமே.

“பக்கத்து வீட்டுக்காரர் என்ன கேக்கிறார் தெரியுமா? தினமும் உங்க வீட்டுல ஆர்க்கெஸ்ட்ராவாமே, யாருக்குக் கல்யாணம்னு கேக்கிறார். போகட்டும். பூங்கோதையாவது கூட நிக்கலாம்ல?”

பூங்கோதை அவன் மனைவி. ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பு மேசையில் வேலை. காலை ஐந்துக்கு எழுந்தால்தான் எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம்.

“முதல் ரெண்டு வாரம் பிள்ளைங்களோட உக்காந்தா. அப்புறம் எழுந்து போயிட்டா. அன்னிக்கிலேருந்து நான் ஒருத்தன்தான் டீச்சர். தனியா இழுத்துக்கிட்டுக் கிடக்கேன்.”

“எழுந்து எங்க போனாங்க?”

“உள்ள.”

“உள்ளன்னா?”

“உள்ளதான். வேற எங்க?”

டீச்சர் ரோசினை டப்பாவில் போட்டு மூடினாள். பிறகு சொன்னாள்:

“நாளைக்கு மூணு மணிக்கு ஒத்திகை. வந்துடுங்க. எனக்குப் பக்கம் திருப்ப ஆள் இல்ல.”

நம்பிக்குக் கோபம் வந்தது.

“நான் ஒரு கேள்வி கேட்டு வந்தேன். நீங்க வேலை கொடுக்கறீங்க.”

“ஆமா சார். மூணு மணி. சாப்பிட்டுட்டு வாங்க.”

*

அவன் வந்தான். ஆயிரம் குறை சொன்னாலும் வராமல் இருப்பானா? இதுவரை பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தவன், முதல் முறையாக வாத்தியங்களுக்கு நடுவில் உட்காரப் போகிறான்.

டீச்சர் அவனுக்கு வழக்கத்தைச் சொன்னாள்.

“தந்தி வாத்தியத்துல, இசைக்குறிப்பு வைக்க ரெண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு. ஒரே புத்தகம். வெளிப்பக்கம் உக்காந்திருக்கிறவர் வாசிச்சுக்கிட்டே இருப்பார். உள்பக்கம் இருக்கிறவர் பக்கம் முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வாசிக்கிறதை நிறுத்திட்டு, எட்டித் திருப்பிட்டு, மறுபடி சேர்ந்துக்குவார்.”

“நடுப் பாட்டுலேயா நிறுத்துவாங்க?”

“ஒவ்வொரு பக்கத்துக்கும்.”

“எல்லா ஸ்டாண்டுலயும்?”

“எல்லாத்துலயும்.”

நம்பி யோசித்தான். “நான் ஏழு வருஷமா கேக்கறேன். எனக்குத் தெரிஞ்சதே இல்லையே.”

“தெரியக்கூடாது சார்.”

அவன் வீட்டுச் சுவரில் இருந்த படத்தில் ஸ்டாண்டுகளும் இருந்தன. தந்தி வாத்தியங்களில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் என்று சரியாகத்தான் வரைந்திருந்தான். ஏன் இரண்டு பேர் என்று அவன் கேட்டதில்லை. இடம் பற்றாததால் இருக்கும் என்று நினைத்திருந்தான்.

“வயோலா மொத்தமே மூணு பேர். ஒருத்தர் ஊர்ல இல்ல. என் பக்கத்துல உக்காருற எட்வின் அண்ணனுக்குக் காய்ச்சல். இன்னிக்கு நான் ஒருத்திதான். நான் நிறுத்தினா வயோலாவே இருக்காது. அதனால தலையாட்டுவேன். உடனே திருப்பிடுங்க.”

“இது என்ன பெரிய விஷயம்?” என்றான் நம்பி.

குழுவை நடத்தும் மாஸ்டர் வந்து மேடைப் பெட்டியின் மேல் ஏறினார். எழுபது வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம், முன்கோபம் மூன்றும் உண்டு. கையைத் தூக்கினார்.

இசை தொடங்கியது.

ஸ்பீக்கரில் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சத்தம் முன்னாலிருந்து வரவில்லை. தரைப் பலகையிலிருந்து காலுக்கு ஏறியது. பின்னால் யாரோ குழலில் ஊதிய மூச்சுக் காற்று பிடரியில் பட்டது போலிருந்தது. தரையில் ஊன்றி வாசிக்கும் பெரிய செல்லோக்கள் நாற்காலியையே அதிர வைத்தன. நம்பி கண்ணை மூடிக்கொண்டான். கண்ணீர் வந்தது. இதற்காகத்தானே இத்தனை பாடு என்று நினைத்தான்.

டீச்சர் தலையாட்டினாள்.

மறுபடி ஆட்டினாள்.

பிறகு வில்லை எடுத்துவிட்டு, எட்டி, தானே பக்கத்தைத் திருப்பினாள்.

“வயோலா!” என்று மாஸ்டர் கத்தினார். “வயோலா எங்க போச்சு?”

எல்லாம் நின்றது. முப்பத்தாறு பேரும் திரும்பி நம்பியைப் பார்த்தார்கள்.

“மன்னிச்சிடுங்க டீச்சர்” என்றான். “பாட்டு அவ்வளவு நல்லா இருந்துச்சு. என்னையே மறந்துட்டேன்.”

டீச்சர் வில்லை மடியில் போட்டுக்கொண்டாள். புத்தகத்தைப் பழைய பக்கத்துக்குத் திருப்பி வைத்தாள்.

இரண்டாவது முறை அவன் பயத்தில் சீக்கிரமே திருப்பிவிட்டான். கடைசி வரி காணாமல் போனது.

மூன்றாவது முறை இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே வந்தன.

“யாருய்யா அது?” என்றார் மாஸ்டர். “ஜெசிந்தா, எங்கேருந்து பிடிச்ச இந்தாளை?”

பின்வரிசையில் சிரித்தார்கள். நம்பிக்குக் காது சிவந்தது. நாற்பத்து நான்கு வயதில் ஒரு தாளைத் திருப்பத் தெரியாதவன் என்று பேர் வாங்கியாயிற்று.

நான்காவது முறை அவன் ஒரு முடிவுக்கு வந்தான். இசையைக் கேட்கக்கூடாது. டீச்சரின் தலையை மட்டும் பார்க்க வேண்டும். அடுத்த தாளின் மூலையை முன்கூட்டியே விரலால் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். எழும்போது நாற்காலி கிறீச்சிடாமல் இருக்க வேண்டும். திருப்பிய பிறகு தாள் காற்றில் திரும்பி வராமல் நீவி விட வேண்டும். மின்விசிறி வேறு பக்கத்துக்குப் பக்கம் வம்பு செய்தது.

ஒரு பக்கம் போனது. இன்னொன்று. இன்னொன்று.

எல்லோரும் வில்லை இறக்கியபோதுதான் பாட்டு முடிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. மாஸ்டர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ம்” என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

“எப்படி இருந்துச்சு சார்?” என்று கேட்டாள் டீச்சர்.

நம்பி விழித்தான்.

“தெரியல டீச்சர். நான் எதையும் கேக்கல. உங்க தலையையே பார்த்துக்கிட்டிருந்தேன்.”

“நல்லா திருப்பினீங்க.”

“எட்வின் அண்ணன் இப்படித்தான் உக்காந்திருப்பாரா?”

“பதினாலு வருஷமா.”

“அவர் எப்படி வாசிப்பார்?”

“என்னைவிட நல்லா வாசிப்பார்.”

“அப்புறம் ஏன் அவர் திருப்பறார்?”

“யாராவது திருப்பணுமே சார்.”

*

கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. டீச்சர் வயோலாவைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். அவள் முகத்தில் களைப்பு அப்பிக் கிடந்தது. வீட்டுக்குப் போய் அவளும் சமைக்க வேண்டும்.

நம்பி விடவில்லை.

“நீங்க சொன்ன வேலையைச் செஞ்சுட்டேன். என் கேள்விக்குப் பதில் சொல்லுங்க டீச்சர். யாழினியை எப்படித் திரும்ப உக்கார வைக்கறது?”

“நீங்க பாடம் நடத்தறப்போ வீட்டுல வேற என்ன சத்தம் இருக்கும்?”

“ஒரு சத்தமும் இருக்காது” என்றான் நம்பி. “அந்த விஷயத்துல நான் கொடுத்து வெச்சவன். தெரு நாய் குலைச்சாதான் உண்டு. எங்க வீட்டுல குக்கர்கூட விசில் அடிக்காது.”

டீச்சர் பெட்டியை மூடித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“ஏன் அடிக்காது?”

கேட்டுவிட்டு அவள் பதிலுக்கு நிற்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

நம்பி எழுந்திருக்கவில்லை. கூடத்தைப் பெருக்க வந்தவர் அவன் காலைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனார்.

ஏன் அடிக்காது?

இரண்டாவது வாரக் கடைசியில் ஒருநாள் அடித்தது. ஒரு குழல் தனியாக வாசிக்கும் இடத்தில், ஓங்கி, மூன்று விசில். அணைக்க ஓடிய பூங்கோதையின் பின்னாலேயே போய் நம்பி சமையலறையை எட்டிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தான், அவ்வளவுதான்.

அதன் பிறகுதான் பூங்கோதை எழுந்து போனாள்.

மிக்ஸி ஓடவில்லை. குழாய் நூல் போலத்தான் ஓடும். பாத்திரம் உரசும் சத்தம் இல்லை. ஏழிலிருந்து எட்டு வரை அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குவாள், கீரை ஆய்வாள். அவற்றில் சத்தம் வராது. எட்டு மணிக்கு ஸ்பீக்கர் நின்ற பிறகுதான் குக்கரை ஏற்றுவாள். எல்லோரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, அவள் படுக்கப் பதினொன்று ஆகும். காலை ஐந்துக்கு எழுந்திருப்பாள்.

இதெல்லாம் அவன் கண் முன்னால்தான் நடந்தது. அவன் வாத்தியங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

தனியா இழுத்துக்கிட்டுக் கிடக்கேன் என்று டீச்சரிடம் சொன்னது ஞாபகம் வந்தது. 

*

திங்கட்கிழமை மாலை ஏழு மணி. நம்பி சமையலறைக்குப் போனான்.

பூங்கோதை தரையில் உட்கார்ந்து கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“எழுந்திரு. கூடத்துல போய் உக்காரு.”

“என்னங்க ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. சமையலை நான் பார்த்துக்கறேன்.”

அவள் எழுந்து அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை.

“பாடம் யாரு நடத்தறது?”

“பாடம் இல்ல. பாட்டு மட்டும்தான்.”

“எனக்கு அந்தப் பேரெல்லாம் மறந்துபோச்சுங்க. பசங்க முன்னாடி என்னைக் கேட்டுடாதீங்க.”

இதைச் சொன்னபோது அவள் முகத்தில் நிஜமாகவே பயம் இருந்தது. நம்பியால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“யாரையும் எதையும் கேக்க மாட்டேன். போ.”

அவள் போய் சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள், விருந்தாளி மாதிரி. கபிலன் தரையில் படுத்துக் காலைச் சுவரில் தூக்கி வைத்திருந்தான். நம்பி வழக்கமான பாட்டைப் போட்டுவிட்டுச் சமையலறைக்குத் திரும்பினான். அடிக்கோலைத் தொடவில்லை.

உள்ளறையிலிருந்து யாழினியின் குரல் கேட்டது.

“அம்மா, நீ எங்க இருக்க?”

“இங்கதான்டி. கூடத்துல.”

“ஏன்?”

“அப்பா உக்காரச் சொன்னாங்க.”

கதவு திறந்தது. பிறகு வெறுங்கால் நடக்கும் சத்தம். சோபாவின் ஸ்பிரிங் முனகியது.

நம்பி அரிசி களைந்தான். எத்தனை தம்ளர் தண்ணீர் என்று தெரியவில்லை. கேட்கப் போனால் அவள் எழுந்து வந்துவிடுவாள். குத்துமதிப்பாக ஊற்றினான். குக்கர் முதல் விசிலை ஓங்கி அடித்தபோது கூடத்தில் ஒரு குழல் தனியாக வாசித்துக்கொண்டிருந்தது. நம்பி கையில் துணியோடு அப்படியே நின்றான்.

யாரும் எட்டிப் பார்க்கவில்லை. குழல் தன் பாட்டுக்கு வாசித்தது.

சோறு கொஞ்சம் அடி பிடித்தது. காய் வெந்ததா என்று இரண்டு முறை வாயில் போட்டுப் பார்த்து நாக்கைச் சுட்டுக்கொண்டான். ஒரு மணி நேரம் இப்படி நின்றதற்கே இடுப்பு விட்டுப்போனது. இதோடு பாட்டைக் கேட்பது எங்கே? இரண்டாம் பகுதி, அந்த மெதுவான பகுதி, எப்போது தொடங்கியது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

கூடத்தில் பேச்சுச் சத்தம் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தான்.

பூங்கோதை தூங்கிக்கொண்டிருந்தாள். தலை யாழினியின் தோளில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. இந்த நேரத்தில் அவள் தூங்கி நம்பி பார்த்ததே இல்லை. பிள்ளை பெற்ற சமயத்தில்கூட இப்படித் தூங்கியதில்லை. தோளில் இருந்த பாரத்துக்கு யாழினி ஒரு பக்கமாகக் கோணி உட்கார்ந்திருந்தாள். அசையவில்லை.

தூங்கட்டும், பாட்டை நிறுத்திவிடலாம் என்று நம்பி ஸ்பீக்கர் பக்கம் போனான்.

யாழினி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

தோளை அசைக்காமல் கையை மட்டும் நீட்டி, சோபாவை ஒட்டி இருந்த ஸ்பீக்கரின் குமிழைப் பிடித்துச் சத்தத்தைக் குறைத்தாள்.

எதற்குக் குறைக்கிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை. வயலின்கள் காதுக்குள் பேசுவது போல மெல்லத்தான் வாசித்துக்கொண்டிருந்தன. அவள் இன்னும் குறைத்தாள். குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை. உதடு மட்டும் ஏதோ எண்ணுவது போல் அசைந்தது.

அப்போது வந்தது. சிவப்பும் நீலமும், அத்தனை எக்காளமும் அத்தனை மேளமும் ஒரே அடியில். வீட்டையே எழுப்பிவிடுகிற இடம் அது. இப்போது அடுத்த தெருவில் யாரோ வாசிப்பது போலக் கேட்டுக் கடந்து போனது.

பூங்கோதை எழவில்லை.

யாழினி குமிழை மெதுவாக, பழைய இடத்துக்கே திருப்பி வைத்தாள்.

இந்த அடிக்கு முன்னால்தான் நம்பி தினமும் பாட்டை நிறுத்திக் கேட்பான். அடுத்து வரப்போவது என்ன? இவள் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அவன் குனிந்தான். குரலைத் தணித்துக் கேட்டான்.

“யாழினி… இது உனக்கு எப்படித் தெரி…”

“பேசாதீங்கப்பா” என்றாள் அவள். “இனிமேதான் நல்ல இடம் வருது.”